வெள்ளைச் செங்கல்லும் நாற்பதடி டிரெய்லரும்

நான் மேடையேறி நடித்த நாடகம் வாழ்க்கையில் ஒன்றே ஒன்று. அதில் எனக்கு இருந்த வசனமும் ஒன்றே ஒன்று: "ம்மே."

அதையும் நான் கெடுத்துவிட்டதாக மாமா இன்றைக்கும் சொல்வார். மீட்பர் பிறந்த இரவில் பெத்லகேம் ஆடு சந்தோஷமாகக் கத்தியிருக்குமாம். நான் இரண்டு நாள் பட்டினி கிடந்த ஆடு மாதிரி கத்தினேனாம். மாமா என்றால் அம்மாவின் தம்பி. பகலில் ஓர் ஆபீசில் கிளார்க். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், பிரேசர் டவுனில் எங்கள் கோயிலின் நாடக டைரக்டர். டிசம்பரில் கிறிஸ்து பிறப்பு நாடகம், தவக்காலத்தில் பாஸ்கா என்கிற பாடுகளின் நாடகம். எங்கள் கோயிலைச் சேர்ந்த பங்கில் ஆண்டவர் பிறப்பதும் இறப்பதும் உயிர்த்தெழுவதும் மாமாவின் கையில்தான் இருந்தன.

எனக்கு அப்போது பத்து வயது. இடையன் வேடம் கேட்டேன். மாமா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஆடு கொடுத்தார். அதுவும் மூன்றாவது ஆடு. முதல் இரண்டு ஆடுகளும் குடிலுக்குப் பக்கத்தில் படுத்திருக்கும். மூன்றாவது ஆடு மேடையின் கடைசி மூலையில், "கொஞ்சம் தள்ளி மேஞ்சிக்கிட்டு இருக்கும்" என்று விளக்கினார். பஞ்சு ஒட்டிய பழைய பனியன், கறுப்புச் சாயம் பூசிய மூக்கு, அட்டைக் காது. எல்லாம் அம்மா செய்து கொடுத்தாள். காதை மாட்டிப் பார்த்துவிட்டு, "புதுசா ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே" என்றாள்.

முந்தின வருடம் வரை பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு மேலே பலகை அடித்ததுதான் மேடை. அந்த மேடை நாடகத்தின் நடுவே வழிவிட்டு, மூன்று ராஜாக்களில் ஒருவர் பொன்னும் கையுமாக உள்ளே இறங்கிப்போனார். அதனால் இந்த வருடம் மாமாவுக்கு ஒரு மகத்தான யோசனை வந்தது. மேடை எதற்குக் கட்ட வேண்டும்? மச்சானின் டிரெய்லரைக் கொண்டுவந்து நிறுத்தினால் அதுவே மேடை.

மச்சான் என்பது என் அப்பா. பொம்மசந்திராவில் தொழிற்சாலைகளுக்குப் பெரிய பெரிய இயந்திரங்களை ஏற்றிப்போகும் டிரெய்லருக்கு டிரைவர். முன்னால் இழுக்கும் வண்டியை விட்டுவிட்டுப் பின்னால் இருக்கும் தட்டை மட்டும் அளந்தாலே நாற்பதடி. அதை முன்னால் ஓட்டுவது பெரிய காரியம் இல்லை. ரிவர்ஸ் எடுப்பதுதான் வித்தை. ஸ்டீயரிங்கை இடது பக்கம் திருப்பினால் டிரெய்லரின் வால் வலது பக்கம் போகும். மூளையை உள்ளே வெளியே திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும். அப்பா ரிவர்ஸ் எடுக்கும்போது கம்பெனி வாட்ச்மேன்கள் டீ கிளாசோடு வெளியே வந்து நின்று பார்ப்பார்களாம். பதினோரு வருடத்தில் அவர் இடித்தது என்று ஒரு சுவர் இல்லை, ஒரு கம்பம் இல்லை, ஒரு சைக்கிள்கூட இல்லை. அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை; தன்னைப் பற்றிப் பேசியதே இல்லை. இந்தப் பதினோரு வருடத்தை மட்டும் எப்படியாவது பேச்சில் கொண்டுவந்துவிடுவார்.

டிரெய்லர் ஓனரிடம் போய் ஓர் உதவி என்று அப்பா கேட்டது அந்தப் பதினோரு வருடத்தில் அதுதான் முதல் தடவை. ஓனர் தலையைச் சொறிந்தார், மோவாயைத் தடவினார், கடைசியில் விரலை நீட்டிக் கன்னடத்தில் சொன்னார்: "சோமவார பெளிகே ஆறு கண்டெகெ காடி பொம்மசந்திராதல்லி இர்பேகு." திங்கள்கிழமை காலை ஆறு மணிக்கு வண்டி அங்கே நிற்க வேண்டும். ஒரு பிரஸ் மெஷின் காத்திருக்கிறது. நிற்கவில்லை என்றால், சாவியை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்பதையும் சிரித்துக்கொண்டே சொன்னாராம். ஓனர் சிரித்துக்கொண்டே சொன்னால் அது உறுதி என்று அம்மா சொன்னாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொண்டுவருவது, சனிக்கிழமை நாடகம், ஞாயிற்றுக்கிழமை திரும்பக் கொண்டுபோவது. இதுதான் ஏற்பாடு.

இப்போது செங்கல் விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் கோயில் மைதானத்தின் கோடியில் ஒரு தூங்குமூஞ்சி மரம். அதற்குக் கொஞ்சம் பின்னால் ஓர் இடத்தில் ஒவ்வொரு வருடமும் பெரிய வெள்ளிக்கிழமைக்கு மாமா குழி தோண்டுவார். பாஸ்கா நாடகத்தில் ஆண்டவரை அடக்கம்செய்யும் கல்லறை அது. மற்ற பங்குகளில் அட்டையில் கல்லறை செய்வார்கள். மாமாவுக்கு அட்டை பிடிக்காது. ஆளுயரக் குழி, அதை மூடக் கனமான மரக்கதவு, கதவுக்குப் பாறை மாதிரி பெயிண்ட். மூன்றாம் நாள் கதவு விலக, புகை நடுவே ஆண்டவர் எழுந்து வருவார். பண்டிகை முடிந்ததும் குழியை மூடிவிடுவார்கள். மூடுவது என்றால், கிடைத்த மண், காய்ந்த சருகு, தென்னை ஓலை எல்லாவற்றையும் போட்டு மேலே இரண்டு மிதி. புல் முளைத்துவிட்டால் குழி இருந்ததே தெரியாது. அதனால் கோயில்பிள்ளை அதன் ஓரத்தில் ஒரு செங்கல்லுக்கு வெள்ளையடித்து வைத்திருந்தார். கோயிலைத் திறப்பது, மணி அடிப்பது, எங்களைத் துரத்துவது எல்லாம் அவர் வேலை. வியாழக்கிழமையே அப்பாவைக் கூட்டிப்போய்க் காட்டினார். பின்சக்கரம் இந்தச் செங்கல்லோடு நிற்க வேண்டும், இதற்கு அந்தப்பக்கம் ஆண்டவருடைய இடம்.

நானும் கூடப் போயிருந்தேன். அப்பா செங்கல்லைப் பார்த்தார். நான் மரத்தைப் பார்த்தேன். செங்கல்லோடு வண்டி நின்றால், மேடையின் கடைசி மூலை சரியாக அந்த மரத்தின் பின்னால் வரும். அதாவது மூன்றாவது ஆடு ஊரில் ஒருவர் கண்ணுக்கும் தெரியாது. கோயிலில் எங்களுக்கு வேதபாடம் எடுக்கும் ஞானோபதேச டீச்சர் வருவார். என் வகுப்பே வரும். அவர்கள் எல்லோரும் ஒரு மரத்தைப் பார்த்துவிட்டுப் போவார்கள். இன்னும் ஒரு நாலடி பின்னால் போனால் போதும், மரம் விலகிவிடும்.

நாலடிதானே.

அந்த வாரம் சென்னைப் பக்கம் புயல். அங்கே புயல் என்றால் எங்களுக்கு மூன்று நாள் தூறல். வெள்ளிக்கிழமை மதியம் பள்ளி விட்டதும் நேராக மைதானத்துக்குப் போனேன். ஒருவரும் இல்லை. செங்கல்லைத் தூக்கி நாலடி பின்னால் வைத்தேன். எட்டு மாதம் அது இருந்த இடத்தில் புல் வெளுத்து, செங்கல் அளவுக்கு மஞ்சள் அச்சு தெரிந்தது. அதன்மேல் கொஞ்சம் சருகைப் போட்டேன். குழியைப் பற்றி யோசிக்கவில்லையா என்று கேட்பீர்கள். யோசித்தேன். ஆண்டவர் எழுந்து போய் எட்டு மாதம் ஆகிவிட்டது, இதற்குள் மண் இறுகியிருக்கும் என்று யோசித்தேன். அந்த வயதில் எனக்கு இன்ஜினியர் ஆகும் ஆசை வேறு இருந்தது. நாட்டுக்கு நல்லது நடந்தது, நான் ஆகவில்லை.

சாயங்காலம் டிரெய்லர் வந்தது. வண்டியின் கிளீனர் தருமபுரிப் பக்கம் தன் ஊருக்குப் போயிருந்ததால், பின்னால் நின்று ரிவர்ஸ் சொல்லும் உத்தியோகம் எனக்குக் கிடைத்தது. "செங்கல்லுகிட்ட வந்ததும் ஸ்டாப் சொல்லு. டிரைவர் பக்கமே நில்லு, நான் கண்ணாடியில உன்னைப் பாத்துக்கிட்டே வரேன்" என்றார் அப்பா. நான் கையை ஆட்டி, வா வா, வரட்டும் வரட்டும் என்று கத்தினேன். நாற்பதடி இரும்பு என் சொல் கேட்டுப் பின்னால் வந்தது. ஆடாக நடித்தபோதுகூட எனக்கு அவ்வளவு பெருமை இல்லை. வலப்பக்கப் பின்சக்கரம் செங்கல்லுக்கு நேராக வந்ததும் ஸ்டாப் என்றேன். வண்டி நின்றது. திரும்பிப் பார்த்தேன். மரம் விலகியிருந்தது. மூன்றாவது ஆட்டின் மூலை மைதானத்துக்கே தெரிந்தது.

பிறகு தரைக்குள்ளிருந்து, யாரோ சோபாவில் உட்கார்ந்த மாதிரி ஒரு சத்தம். வலப்பக்கப் பின்சக்கரங்கள் அவசரமே இல்லாமல் கீழே இறங்க ஆரம்பித்தன. அப்பா ஒரு தடவை முன்னால் இழுத்துப் பார்த்தார். சக்கரம் சுற்றியது, சேறு என் சட்டையில் வந்து விழுந்தது, வண்டி இன்னும் ஓர் அடி கீழே போனது. சக்கரங்களின் இரும்பு அச்சு தரையில் முட்டியது.

இந்த மாதிரி நேரத்தில் ஓடிப்போகிற பையன்களை எனக்குத் தெரியும். நான் அவர்களைவிடப் புத்திசாலி. சக்கரத்துக்குப் பக்கத்தில் கிடந்த செங்கல்லை இரண்டு கையாலும் தூக்கினேன், நாலடி நடந்தேன், சருகைக் காலால் தள்ளினேன், மஞ்சள் அச்சின்மேல் அச்சுப் பிசகாமல் வைத்தேன். இப்போது யார் பார்த்தாலும், செங்கல் ஆண்டவர் சாட்சியாக அதன் இடத்தில் இருந்தது. டிரெய்லர்தான் அதைத் தாண்டிப் போயிருந்தது. அப்பா இன்னும் வண்டியை விட்டு இறங்கவில்லை. என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. நல்லவேளை என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் வந்தது கோயில்பிள்ளை. "இன்னா சார் இது? செங்கல்லு இங்க கீது, சக்கரம் அங்க கீது?"

மாமா ஓடிவந்தார். வண்டியைப் பார்த்தார், வாட்சைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். "மச்சான், பதினோரு வருஷம்னு சொன்னீங்களே" என்றார்.

அப்பா இறங்கி வந்து செங்கல்லுக்கு முன்னால் நின்றார். அப்புறம் சேறும் சுண்ணாம்புமாக நின்ற என்னைப் பார்த்தார். கழுத்தின் பின்பக்கம் சொறிந்துகொண்டார்.

"ஆமா மாப்ளே. நான்தான் தாண்டிட்டேன். தம்பி சரியாத்தான் ஸ்டாப் சொன்னான்."

என்னால் நம்பவே முடியவில்லை. இவ்வளவு சுலபமாக ஒரு பெரிய மனிதரை ஏமாற்ற முடியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அப்பா என் தலையில் தட்டி, "போய்க் கையைக் கழுவு" என்றார்.

வீட்டில் அன்றைக்கு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா திங்கள்கிழமையை நினைத்துச் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இரண்டு ஆம்லெட் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை முழுக்கத் தூறல். வண்டியை எடுக்க முடியாது, நாடகத்தை நிறுத்தவும் முடியாது. மேடை பின்பக்கமாகவும், ஜனங்கள் உட்காரும் பக்கமாகவும் நன்றாகச் சாய்ந்திருந்தது. பெத்லகேம் மலைமேல் இருக்கும் ஊர்தானே, சரிவு இருந்தால் இயற்கையாக இருக்கும் என்றார் மாமா. பங்குச் சாமியாரும் சரி என்றார். அப்பா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை; சக்கரத்துக்குக் கீழே கற்களையும் மரக்கட்டைகளையும் திணித்துவிட்டு, இதற்கு மேல் இறங்காது என்று அவருக்கு நிச்சயமான பிறகுதான் எங்களை ஏறவிட்டார். அப்படியும் நாடகம் முடியும் வரை கீழே சக்கரத்தின் பக்கத்தில் கையில் ஒரு கட்டையோடு உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து மேடை தெரியாது.

அவர் பார்க்காமல் போனது என் வாழ்க்கையின் உச்சகட்டம். வானதூதர் பாடிக்கொண்டிருந்தபோது, வைக்கோல் தொட்டியிலிருந்த பாலன் பொம்மை சரிவில் மெதுவாக நகர ஆரம்பித்தது. மரியாள் குனிந்தாள், கிடைக்கவில்லை. சூசையப்பர் காலை நீட்டினார், தாடிதான் விழுந்தது. பொம்மை வேகம் பிடித்து நேராக என் மூலைக்கு வந்தது. மூன்றாவது ஆடு இரண்டு காலில் எழுந்து நின்று, மேடை விளிம்பில் பாலனை இரண்டு முன்னங்கால்களாலும் பிடித்தது. மைதானமே கை தட்டியது. அந்தக் குழப்பத்தில்தான் நான் "ம்மே" என்றேன். அது ஏன் பட்டினி ஆடு மாதிரி இருந்தது என்பது இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். டீச்சர் எனக்கு ஒரு கேக் கொடுத்தார். கீழே அப்பாவைத் தாண்டிப் போகிறவர்கள், "பையன் காப்பாத்தினான், அப்பன் கவுத்தான்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டு போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்தது. தூறலும் நின்றிருந்தது. இருட்டுவதற்குள் எடுக்க வேண்டும். மைதானத்தில் ஐம்பது பேர், ஐம்பது யோசனைகள். முழு வேகத்தில் ஒரே இழுப்பாக இழுக்கச் சொன்னார் மாமா. பக்கத்துத் தெருவில் லாரி மெக்கானிக் பாய் ஒருவர். தன் லாரியையும் சங்கிலியையும் கொண்டுவந்தார். டிரெய்லரைப் பார்த்துவிட்டு, "என்னா அண்ணே, ரிவர்ஸ் எடுக்கச் சொன்னா நட்டு வெச்சிருக்கீங்க" என்றார். சங்கிலி மாட்டி இரண்டு வண்டியும் சேர்ந்து உறுமின. சக்கரம் சுற்றிச் சுற்றி இன்னும் அரை அடி போனதுதான் மிச்சம்.

அப்பா சங்கிலியைக் கழற்றச் சொன்னார். சேற்றில் வேகம் காட்டினால் அது வண்டியை விழுங்கும் என்று பாயிடம் சொன்னார். அன்றைக்கு அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுதான். பிறகு சட்டையைக் கழற்றி மரத்தில் மாட்டிவிட்டு மண்வெட்டியை எடுத்தார். சக்கரங்களுக்கு முன்னால் குழியிலிருந்து மேலே ஏறுகிற மாதிரி நீளமான சரிவு வெட்ட வேண்டும். ஜாக்கி வைத்து அச்சைத் தூக்கி, சக்கரத்துக்கு அடியில் கல் நிரப்ப வேண்டும். பாஸ்காவில் கல்லறையைக் காவல் காக்கும் ரோமானியச் சிப்பாய்கள் நாலு பேர், எங்கள் தெருப் பையன்கள்தான், வந்து தோண்டினார்கள். வருடா வருடம் தோண்டிய குழி ஆதலால் அவர்களுக்கு மண்ணெல்லாம் பழக்கம்.

ஜாக்கி வைத்தால் வண்டி ஏறவில்லை; ஜாக்கிதான் சேற்றில் இறங்கியது. அடியில் வைக்க அகலமாக, கனமாக ஒரு பலகை வேண்டும். எங்கே போவது? கோயில்பிள்ளை தலையைச் சொறிந்துகொண்டு, குடோனில் கல்லறைக் கதவு இருக்கிறது என்றார். எல்லோரும் சாமியாரைப் பார்த்தார்கள். அவர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குழியை எட்டிப் பார்த்தார். "குழியைத் திறக்கத்தானே அந்தக் கதவு. எடுத்துட்டு வாங்க" என்றார்.

பாறை பெயிண்ட் அடித்த அந்தக் கதவை நாலு சிப்பாய்களும் தூக்கிவந்து சேற்றில் போட்டார்கள். ஜாக்கி அதன்மேல் நின்றது. அச்சு எழுந்தது. உடைந்த ஓடு, கருங்கல், கோணிச்சாக்கு எல்லாம் அடியில் போயின. சேற்றில் பிடி கிடைக்க அப்பா டயர்களில் பாதிக் காற்றை இறக்கிவிட்டார். மதியம் மூன்று மணிக்கு மேல், எல்லோரையும் தூரப் போகச் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். ஆக்ஸிலேட்டர் சத்தமே கேட்கவில்லை. நத்தை நகர்வது மாதிரி ஒரு நகர்வு. சக்கரம் சாக்கின்மேல் ஏறியது, கல்லின்மேல் ஏறியது, ஒரு தரம் நின்று யோசித்தது, பிறகு சேறு சொட்டச் சொட்டப் புல்தரைக்கு வந்துவிட்டது.

"வெள்ளிக்கிழமை குழிக்குள்ள போச்சு, ஞாயித்துக்கிழமை எழுந்துடுச்சு" என்றார் கோயில்பிள்ளை. சாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். வீட்டு வாசலில் காத்திருந்த அம்மா அப்பாவிடம், "ஏங்க, பொம்மசந்திரா போற வழியில வேற எதுலயும் இறங்கிடாதீங்க" என்றாள். குரல் மட்டும் உடைந்திருந்தது. திங்கள்கிழமை ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே டிரெய்லர் அங்கே நின்றது. ஓனருக்கு இன்றுவரை ஒன்றும் தெரியாது.

எங்கள் பங்கில் அன்றிலிருந்து அப்பாவுக்குப் பெயர் கல்லறை டிரைவர். கல்யாண வீட்டில், கிறிஸ்துமஸ் விருந்தில், எங்கே நாலு பேர் கூடினாலும் என்னை நடுவில் நிறுத்தி அந்தக் கதையை நடித்துக் காட்டச் சொல்வார்கள். நானும் சளைக்காமல் நடிப்பேன். கழுத்தை வெளியே நீட்டி ரிவர்ஸ் எடுக்கும் அப்பா, இறங்கிவந்து செங்கல்லைப் பார்க்கும் அப்பா, பின்கழுத்தைச் சொறிந்துகொண்டு "நான்தான் தாண்டிட்டேன்" என்று சொல்லும் அப்பா. ஆட்டைவிட அந்த வேடம் எனக்கு நன்றாக வந்தது. எல்லோருக்கும் முதலில் சிரிக்கிறவர் அப்பாவாகத்தான் இருப்பார். பதினோரு வருடக் கதையை மட்டும் அதற்குப் பிறகு அவர் சொல்லிக் கேட்டதில்லை.

டிரெய்லர் வெளியே வந்ததைச் சொன்ன அவசரத்தில் ஒன்றை விட்டுவிட்டேன்.

சிப்பாய்கள் கல் போட்டு முடிப்பதற்குக் காத்திருந்தபோது, அப்பா என்னைத் தூக்கி டிரைவர் சீட்டில் உட்காரவைத்தார். அதுவரை அந்த சீட்டில் என்னை ஒருநாளும் உட்காரவிட்டதில்லை. கீழே நின்றபடியே ஈரத் துணியால் வலப்பக்கக் கண்ணாடியை ஒரு துடை துடைத்தார்.

"என்ன தெரியுது, பாரு" என்றார்.

நான் பார்த்தேன். நாற்பதடி நீளமும் ஒரு கோடு மாதிரி தெரிந்தது. கடைசியில் சக்கரம். குனிந்து நிற்கும் மாமாவின் வழுக்கை. சிப்பாய் ஒருவன் அவருக்குப் பின்னால் நின்று செய்யும் சேட்டை. புல்லில் வெள்ளையாக ஒரு செங்கல்.

"எல்லாம் தெரியுதுப்பா. செங்கல்லுகூடத் தெளிவாத் தெரியுது."

"ம்" என்றார் அப்பா. துணியைப் பிழிந்துவிட்டுச் சேற்றுப் பக்கம் நடந்தார்.

என் கண்பார்வையை அவர் மெச்சிக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். அவர் முதுகு சிறியதாகிக்கொண்டே போவதைக் கண்ணாடியிலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு அருமையான கண்ணாடி. அது வெள்ளிக்கிழமையும் அங்கேதான் இருந்தது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.